பள்ளிச்சபை வழியே: மில்லிக்கனில் தமிழ்ப் பெண்களின் பொதுவாழ்வு

கனடிய நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழர் ஒரு பெண். 2011 மே 2 அன்று நடந்த பொதுத்தேர்தலில் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் வென்ற ராதிகா சிற்சபைஈசனுக்கு அப்போது வயது 29. அந்தத் தொகுதியின் வடபகுதியில் அமைந்திருந்தது மில்லிக்கன். அதே மில்லிக்கனின் மறுபாதியில், வீதியைக் கடந்தால் வரும் மார்க்கம் நகரில், அரை ஆண்டுக்கு முன்பே இன்னொரு தமிழ்ப்பெண் பள்ளிச்சபைத் தேர்தலில் வென்றிருந்தார். இந்த இரு நிகழ்வுகளில் முதலாவதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் நிறைய எழுதின; இரண்டாவது ஓரிரு வரிச் செய்தியாகக் கடந்துபோனது. ஆனால் மில்லிக்கன் பகுதியில் தமிழ்ப்பெண்கள் பொதுப்பதவிக்கு வந்த வரலாற்றில் நிலைத்து நின்ற வழி இரண்டாவதுதான்.

மில்லிக்கன் ஒரே ஊர், ஆனால் இரண்டு ஆட்சிகளுக்கு உட்பட்டது. ஸ்டீல்ஸ் அவெனியூ அதை நடுவே பிரிக்கிறது. தெற்கே ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோ. வடக்கே யோர்க் பிராந்தியத்தைச் சேர்ந்த மார்க்கம், அங்கே இதே குடியிருப்புக்கு மில்லிக்கன் மில்ஸ் என்று பெயர். பெயருக்குக் காரணமான நோர்மன் மில்லிக்கன் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து 1807இல் வந்து இங்கே நிலம் எடுத்தவர். மரம் வெட்டுவதும் அறுப்பதும் அந்தக் குடும்பத்தின் தொழில். கென்னடி வீதி ஸ்டீல்ஸைச் சந்திக்கும் முனையைச் சுற்றிச் சிறு கிராமம் ஒன்று வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இது பெரும்பாலும் வயல்வெளியாகவே இருந்தது. வீட்டுமனைகள் பெருகிய 1980களில் ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1990களின் பிற்பகுதியில் கென்னடி–ஸ்டீல்ஸ் முனையிலேயே பசிபிக் மோல் என்ற பெரிய ஆசிய அங்காடி எழுந்தது. சீனர்களைத் தொடர்ந்தும் அவர்களோடு சேர்ந்தும் தமிழர்கள் வந்தார்கள்.

இந்தக் குடியேற்றத்தைப் பழைய குடிகள் எல்லோரும் விரும்பி ஏற்கவில்லை. 1984இல் அஜின்கோர்ட்டில் சீன அங்காடி ஒன்று திறந்தபோது வாகன நெரிசலைக் காரணம் காட்டி எழுந்த எதிர்ப்பில் இனவெறுப்பும் கலந்திருந்தது. 1995இல் மார்க்கம் நகரின் துணைமேயராக இருந்த கரோல் பெல், சீனர்கள் ஒரே இடத்தில் திரள்வதால் பழைய குடிகள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று பேசினார். சுற்றுவட்டார மேயர்கள் பலர் அந்தப் பேச்சைக் கண்டித்தார்கள். மில்லிக்கனில் அப்போது வீடு வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இந்தச் சர்ச்சை ஒன்றைத் தெளிவாக்கியது. நகரசபையிலும் பள்ளிச்சபையிலும் தங்கள் ஆள் இல்லையென்றால், தங்களைப் பற்றிய பேச்சு தங்களுக்கு அப்பால்தான் நடக்கும்.

ஒன்ராறியோவில் பெண்களுக்குத் தேர்தல் அரசியலின் முதல் வாசல் எப்போதுமே பள்ளிச்சபையாகத்தான் இருந்திருக்கிறது. மாகாணத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை 1917இல் கிடைத்தது. கூட்டாட்சித் தேர்தலில் 1918இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1892இல், மருத்துவர் ஒகஸ்டா ஸ்டோ–கல்லன் ரொறன்ரோ பள்ளிச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பிள்ளைகளின் படிப்பு பெண்களின் துறை என்று அன்றைய ஆண்கள் நினைத்ததே அந்தக் கதவு திறந்ததற்குக் காரணம். நோக்கம் குறுகலானது, ஆனால் அதன் வழியே நுழைந்தவர்கள் குறுகி நிற்கவில்லை. ஆசியப் பெண்களுக்கும் அதே வாசல்தான் பயன்பட்டது. சீனர்களுக்கும் தெற்காசியர்களுக்கும் கூட்டாட்சி வாக்குரிமையே 1947இல்தான் கிடைத்தது. ஹொங்கொங்கில் பிறந்து பதின்மூன்று வயதில் ரொறன்ரோ வந்த ஒலிவியா சௌ 1985இல் பள்ளிச்சபை உறுப்பினரானார். 1991இல் பெருநகரசபைக்கும் 2006இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். 2023இல் ரொறன்ரோவின் மேயரானார்.

தமிழ்ப்பெண்கள் தாயகத்திலிருந்து கொண்டுவந்த அரசியல் அனுபவம் வேறுவகையானது. இலங்கையில் 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவிலேயே மிக முன்னதாக வந்த உரிமை அது. அடுத்த ஆண்டே கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து வென்று அரசாங்கசபைக்குள் நுழைந்த முதல் தமிழ்ப்பெண்ணானார். ஆனால் அந்த இடைத்தேர்தல் வந்ததே அவருடைய கணவர் இரத்தினசோதி சரவணமுத்துவின் வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால். பொத்துவில் உறுப்பினர் கனகரத்தினம் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களோடு போராடி 1980இல் இறந்தபோது அவரது இடத்துக்கு அவருடைய சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் வந்தார். வவுனியாவில் 1983இல் கொல்லப்பட்ட கே.ரி. புலேந்திரனின் மனைவி இராஜமனோகரி புலேந்திரன் பின்னர் வன்னியின் உறுப்பினராகி, கல்வி இராஜாங்க அமைச்சராகவும் இருந்தார். 2008 புத்தாண்டு நாளில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தியாகராஜா மகேஸ்வரனின் மனைவி விஜயகலா மகேஸ்வரன் 2010இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார்.

இந்தப் பட்டியலில் உள்ளவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் கணவனோ சகோதரனோ விட்டுச்சென்ற வெற்றிடமே பெண்ணை அழைத்தது, அந்த வெற்றிடத்தைப் பெரும்பாலும் துப்பாக்கி உண்டாக்கியது என்பதை மறைக்கவும் முடியாது. 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் வென்ற பத்மினி சிதம்பரநாதன், தங்கேஸ்வரி கதிராமன் போன்றோர் விதிவிலக்குகள். தாமாக முன்வந்த பெண்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆசிரியர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1989இல் கணவர் யோகேஸ்வரனைக் கொலைக்குப் பலிகொடுத்த சரோஜினி யோகேஸ்வரன் 1998 ஜனவரியில் யாழ்ப்பாண மாநகரசபைத் தேர்தலில் வென்று மேயரானார். அதே ஆண்டு மே 17 அன்று அவரும் கொல்லப்பட்டார். மில்லிக்கனுக்கு வந்துசேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அரசியல் என்ற சொல்லோடு இந்த அச்சமும் சேர்ந்தே வந்தது. மகளைத் தேர்தலில் நிற்கவிடத் தயங்கிய பெற்றோரைக் குறைசொல்லுமுன் இதை நினைக்க வேண்டும்.

இலங்கையில் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் கனடாவுக்கு வந்த தமிழர்களில் பலர் முதலில் ரொறன்ரோ நகரின் நடுவே இருந்த அடுக்குமாடிகளில் தங்கினார்கள். பிறகு ஸ்காபரோவுக்கும், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மல்வேர்ன், மில்லிக்கன், மார்க்கம் பக்கத்து வீடுகளுக்கும் நகர்ந்தார்கள். பெண்கள் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் வேலை செய்தார்கள். கணவன் இரவு வேலையும் மனைவி பகல் வேலையுமாக ஓடிய வீடுகளில் பிள்ளையின் பள்ளிக்கூடம் பெரும்பாலும் தாயின் பொறுப்பாயிற்று. ஆசிரியரைச் சந்திக்கப் போவதும், ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொடுப்பதும், பிள்ளையை இடைநிறுத்தும்போது பள்ளியில் போய் நிற்பதும் அவர்தான். அரசாங்கம் என்பதைப் பல தாய்மார் முதன்முதலில் நேருக்குநேர் பார்த்தது பள்ளி அலுவலகத்தில்தான்.

இதற்குத் துணையாக இரண்டு ஏற்பாடுகள் அமைந்தன. ஒன்று, ஒன்ராறியோ அரசு 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டம். பள்ளிச்சபைகள் தங்கள் கட்டடங்களிலேயே சனிக்கிழமைகளிலும் மாலையிலும் மரபுமொழி வகுப்புகளை நடத்தின. தமிழ் வகுப்புகளில் கற்பித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இலங்கையில் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே தொழிற்சாலைக்குப் போன பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாளாவது தன் பழைய தொழிலும் அதன் மதிப்பும் திரும்பக் கிடைத்தது. மற்றொன்று, 1999இல் தொடங்கிய, பள்ளிகளிலேயே குடியேற்றப் பணியாளர்களை அமர்த்தும் திட்டம். புதிதாக வந்த குடும்பத்துக்கு அவர்களுடைய மொழியிலேயே வழிகாட்டுவது இந்தப் பணி. இந்த இரண்டின் வழியாகவும் தமிழ்ப்பெண்கள் பள்ளிச்சபையின் நடைமுறைகளை உள்ளிருந்து கற்றார்கள்: எந்தத் தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது, எந்தக் கூட்டத்தில் யார் பேசலாம், யாருக்கு எழுதினால் பதில் வரும். தமிழர் அரசியல் வரலாற்றை எழுதுவோர் சங்கங்களையும் ஊர்வலங்களையும் மட்டுமே பார்ப்பதால் இந்தப் பயிற்சிக்களம் கண்ணில் படுவதில்லை.

ஊர்வலங்களிலும் பெண்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். இலங்கையின் வன்னியில் போர் முடிவை நெருங்கிய 2009இன் முதல் மாதங்களில் ரொறன்ரோவின் வீதிகளில் மனிதச் சங்கிலியும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நாள்கணக்கான போராட்டமும் நடந்தன. மே 10 ஞாயிறு மாலை, கனடாவில் அன்னையர் தினம், ஆயிரக்கணக்கானோர் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அதை மறித்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகளோடு பெண்கள் அங்கே நின்ற படங்கள் நாடெங்கும் வெளியாகின. குழந்தைகளை ஆபத்தில் நிறுத்திவிட்டார்கள் என்ற கண்டனமே ஊடகங்களில் ஓங்கி ஒலித்தது. பதுங்குகுழிகளில் இருந்த குழந்தைகளுக்காக அவர்கள் வந்தார்கள் என்பது மிகக் குறைவாகவே பேசப்பட்டது. பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்புவதாக லிபரல் கட்சி வாக்களித்த பின் நள்ளிரவை ஒட்டி சாலை திறந்தது. அந்த இரவு ஒரு கணக்கை வெளிச்சமாக்கியது. பல்லாயிரம் பேர் வீதிக்கு வந்தும், ஒட்டாவாவில் எழுந்து பேச ஒரு தமிழ் உறுப்பினர்கூட இல்லை.

உள்ளூரில் அதற்கு முன்பே ஒரு தொடக்கம் நிகழ்ந்திருந்தது. 2006 நகராட்சித் தேர்தலில் மார்க்கத்தின் ஏழாம் வட்டாரத்தில் லோகன் கணபதி நகரசபை உறுப்பினரானார். அதே தேர்தலில் மார்க்கம் 7, 8ஆம் வட்டாரங்களுக்கான யோர்க் பிராந்தியப் பள்ளிச்சபை இடத்தை நீதன் சண் வென்றார். 2010இல் அந்தப் பள்ளிச்சபை இடத்துக்கு வந்தவர் ஜுவனிட்டா நாதன். எட்டாம் வட்டாரம் மில்லிக்கன் மில்ஸ் பகுதியை உள்ளடக்கியது. ஆக, ஸ்டீல்ஸுக்கு வடக்கே உள்ள மில்லிக்கன் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு ஒரு தமிழ்ப்பெண் பொறுப்பாளரானார். இலங்கையிலிருந்து குடிபெயர்ந்து வந்த அவர் தொடர்ந்து மூன்று முறை அந்த இடத்தில் வென்று, 2022 வரை இருந்தார்.

ராதிகாவின் வழி இதைவிட வேகமானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே கனடாவுக்கு வந்தவர்; கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் வணிகவியலும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொழிலுறவும் படித்தார். ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி 1988 முதல் லிபரல் கட்சியின் டெரெக் லீ கையில் இருந்தது. 2011இல் அவர் போட்டியிடவில்லை. ஜாக் லேட்டன் தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சிக்கு நாடெங்கும் எழுந்த அலையும், 2009இன் ஆறாத வேதனையும், வீடுவீடாகப் போன தமிழ் இளைஞர்களின் உழைப்பும் ஒன்றுசேர்ந்தன. நூற்றுக்கு 40க்கு மேல் வாக்குகள் பெற்று அவர் வென்றார். எந்தக் கணவரின் இடத்துக்கும் எந்தச் சகோதரனின் இடத்துக்கும் அவர் வரவில்லை என்பதே தமிழ்ப்பெண்களின் அரசியல் வரலாற்றில் இந்த வெற்றியின் தனித்த சிறப்பு.

நாடாளுமன்றத்தில் அவர் உயர்கல்வித் துறைக்கான கட்சியின் பேச்சாளராக இருந்தார். தொகுதிக்குள் பெரும்பகுதி அமைந்த ரூஜ் பூங்காவைத் தேசியப் பூங்காவாக்குவது பற்றி விடாமல் பேசினார். 2013 இறுதியில் அவர் இலங்கைக்குப் போனார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கொழும்பில் நடந்த பொதுநலவாய உச்சிமாநாட்டைக் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் புறக்கணித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது தம்மைக் கண்காணித்ததாகவும் அரசியல் அச்சுறுத்தலுக்கு ஆளானதாகவும் ராதிகா அறிக்கை விட்டார். பிறந்த ஊருக்குப் போன ஒரு பெண்ணின் பயணம் இரு நாடுகளுக்கு இடையிலான இராஜதந்திர விஷயமாயிற்று. புலம்பெயர்ந்த சமூகத்திலிருந்து வரும் உறுப்பினர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வெளியுறவு அவரைத் தேடி வரும் என்பதற்கு இது தெளிவான சான்று.

2015 தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டு ஸ்காபரோ–ரூஜ் ரிவர் இல்லாமற்போனது. மில்லிக்கன் புதிதாக வந்த ஸ்காபரோ வடக்குத் தொகுதிக்குள் சேர்ந்தது. ராதிகா அங்கே நின்று லிபரல் கட்சியின் ஷோன் சென்னிடம் தோற்றார். ஷோன் சென் அதற்கு முன் வகித்த பதவி ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச்சபையின் தலைவர். அலையில் வந்த வெற்றி அலையோடு போக, பள்ளிச்சபையில் ஆண்டுக்கணக்காக ஊன்றி நின்றவர் வென்றார் என்று அந்த முடிவைப் படிக்கலாம். லிபரல் கட்சிக்கு அந்த ஆண்டு வீசிய காற்றும் காரணம்தான்; ஆனாலும் அது மட்டும் காரணமல்ல. அடுத்த பத்தாண்டுகளுக்கு ஈழத்தமிழ்ப் பெண் ஒருவர்கூட ஒட்டாவாவில் இல்லை. 2018இல் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்குப் போன தமிழர் இருவருமே ஆண்கள். அவர்களில் லோகன் கணபதி மார்க்கம்–தோர்ன்ஹில் தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சிக்காக நின்றபோது அவரை எதிர்த்த லிபரல் வேட்பாளர் ஜுவனிட்டா நாதன். ஒரே வட்டாரத்திலிருந்து இரு தமிழர் இரு பெரிய கட்சிகளின் சார்பில் மோதும் அளவுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

அந்தப் பத்தாண்டுகளில் தமிழ்ப்பெண்களின் அரசியல் உயிர்ப்போடு இருந்த இடம் பள்ளிச்சபைதான். யோர்க் பிராந்தியப் பள்ளிச்சபை 2016இலும் 2017இலும் பெரும் நெருக்கடிக்குள்ளானது. ஒரு பள்ளி அதிபர் இஸ்லாமியருக்கு எதிரான பதிவுகளைப் பகிர்ந்ததும், சபை உறுப்பினர் ஒருவர் கறுப்பினத் தாய் ஒருவரை இழிசொல்லால் குறிப்பிட்டதும் பெற்றோரைக் கொதிக்கவைத்தன. அந்த உறுப்பினர் பதவி விலகினார். மாகாண அரசு விசாரணை நடத்தித் திருத்தங்களைக் கட்டாயமாக்கியது. அந்தச் சபையில் அப்போது உறுப்பினராக இருந்த ஜுவனிட்டா நாதன் பின்னர் அதன் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஸ்டீல்ஸுக்குத் தெற்கே ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச்சபை கனடாவிலேயே மிகப் பெரியது. உறுப்பினர் 22 பேர். ஸ்காபரோ உட்படப் பழைய பள்ளிச்சபைகளை ஒன்றாக்கி 1998இல் உருவாக்கப்பட்டது. அந்த மறுசீரமைப்பைச் செய்த சட்டம் உறுப்பினரின் மதிப்பூதியத்துக்கு ஆண்டுக்கு 5,000 டொலர் என்று உச்சவரம்பு வைத்தது. பிற்பாடுதான் அது உயர்ந்தது. பிழைப்புக்கு வேறு வேலையும் வேண்டும், இரவுக் கூட்டங்களும் உண்டு என்ற நிலையில் இந்தப் பதவிக்கு வந்தவர்கள் பணத்துக்காக வரவில்லை. இந்தச் சபையில் ஸ்காபரோ வடக்கை, அதாவது மில்லிக்கனையும் அதன் சுற்றத்தையும், யாழினி ராஜகுலசிங்கமும், அண்டையிலுள்ள ஸ்காபரோ–ரூஜ் பார்க்கை அனு ஸ்ரீஸ்கந்தராஜாவும் பிரதிநிதித்துவப்படுத்தினார்கள்.

யாழினி கொண்டுவந்த ஒரு தீர்மானம் இந்த வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வு. 2023 மார்ச் 8 அன்று, அனைத்துலகப் பெண்கள் தினத்தில், பள்ளிகளில் சாதி ஒடுக்குமுறை இருப்பதை ஏற்று, அதைக் கையாள்வதற்கான நெறிமுறைக்கு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் உதவியை நாடும் தீர்மானத்தை ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச்சபை நிறைவேற்றியது. ஆதரவாக 16 வாக்குகள், எதிராக 5. கனடாவில் சாதிப் பாகுபாட்டை இப்படி ஏற்ற முதல் பள்ளிச்சபை அது. சில வாரங்களுக்கு முன், பிப்ரவரி 21 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது; அதைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்தும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பெண். ரொறன்ரோத் தீர்மானத்துக்கு இந்து அமைப்புகள் சிலவற்றிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. தங்கள் சமயத்தைக் குறிவைக்கிறார்கள் என்றார்கள். ஆனால் சாதி தமிழரோடும் சேர்ந்துதான் கப்பலேறியும் விமானமேறியும் வந்தது. திருமணப் பேச்சிலும் கோயில் நிர்வாகத்திலும் அது இங்கேயும் இருக்கிறது என்பதை மில்லிக்கனில் வாழும் தமிழர் அறிவார்கள். தன் சமூகத்துக்காகப் பிறரிடம் நீதி கேட்பது ஒரு துணிவு; தன் சமூகத்துக்குள்ளேயே உள்ள அநீதியைப் பொதுச்சபையில் எழுப்புவது அதைவிடப் பெரிய துணிவு. அதே ஆண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, சாதிப் பாகுபாடும் மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்று தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

நகரசபையில் வழி குறுகியது. ரொறன்ரோவில் 47 வட்டாரங்களாக விரிய இருந்த நகரசபையை 2018இல், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாகாண அரசு 25ஆகக் குறைத்தது. கூட்டாட்சித் தொகுதி அளவுக்கு வட்டாரங்கள் பெரிதாயின. பணமும் பெயரும் உள்ளவர்களுக்கே அது சாதகம். மில்லிக்கன் அடங்கிய ஸ்காபரோ வடக்கு வட்டாரத்தில் அந்தத் தேர்தலில் சிந்தியா லாய் வென்றார். 2022 அக்டோபர் தேர்தலுக்கு மூன்று நாள் முன் அவர் காலமானார். மார்க்கத்தில் இத்தகைய வெட்டு நிகழவில்லை. அங்கே 2022இல் ஏழாம் வட்டாரத்தின் நகரசபை உறுப்பினராக ஜுவனிட்டா நாதன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 ஏப்ரல் 28 பொதுத்தேர்தலில் புதிய பிக்கரிங்–புரூக்லின் தொகுதியில் லிபரல் கட்சிக்காக வென்று நாடாளுமன்றம் போனார். பள்ளிச்சபையில் பன்னிரண்டு ஆண்டு, நகரசபையில் இரண்டரை ஆண்டு, பிறகு ஒட்டாவா.

ஜுவனிட்டா நுழைந்த நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சராக அனிதா ஆனந்த் 2025 மே 13 அன்று பொறுப்பேற்றார். நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில்லில் 1967இல் பிறந்தவர் அனிதா; தந்தை தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், தாய் பஞ்சாபைச் சேர்ந்தவர்; இருவரும் மருத்துவர்கள். பாட்டனார் வி.ஏ. சுந்தரம் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். சட்டப் பேராசிரியராக இருந்து 2019இல் ஓக்வில்லில் வென்று, பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிக் கொள்முதலுக்கும் 2021 முதல் பாதுகாப்புத் துறைக்கும் பொறுப்பாக இருந்தார். பாதுகாப்பு அமைச்சர் பதவியை அவர் ஏற்றது காபூல் தலிபான்களிடம் வீழ்ந்து இரண்டு மாதம் கடந்த நேரம்.

காபூலின் கதையை மில்லிக்கனோடு சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது. ஆப்கானிஸ்தானில் 1965 தேர்தலில் அனாஹிதா ராதெப்ஸாத் உட்பட நான்கு பெண்கள் கீழவைக்கு வென்றார்கள். அதே ஆண்டு குப்ரா நூர்சாய் சுகாதார அமைச்சரானார். 2004 அரசியலமைப்பு ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் குறைந்தது இரு பெண்கள் என்று விதித்ததால் 249 இடங்களில் 68 பெண்களுக்கு உறுதியாயின. கனடாவில் இன்றுவரை அப்படி ஓர் ஒதுக்கீடு கிடையாது. ரோயா ரஹ்மானி வாஷிங்டனுக்கு முதல் பெண் தூதராகப் போனார். தோஹாவில் தலிபான்களோடு பேசப்போன அரசுக் குழுவில் ஃபவ்சியா கூஃபி, ஹபீபா சராபி உட்பட நான்கு பெண்கள் அமர்ந்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்த அரசியலமைப்போடு இடங்களும் மறைந்தன. வியன்னாவில் தூதராக இருந்த மனிஷா பக்தரி தலிபான் ஆட்சியை ஏற்க மறுத்துப் பணியைத் தொடர்ந்தார். ஆப்கானியப் பெற்றோருக்கு ஈரானில் பிறந்து, 1996இல் தாயோடும் தங்கைகளோடும் ஒன்ராறியோவின் பீற்றர்பரோவுக்கு அகதியாக வந்த மரியம் மொன்செஃப், 2014இல் அந்நகரின் மேயர் தேர்தலில் தோற்று, மறு ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினராகி அமைச்சருமானார். அவரும் தொடங்கியது ஊர்த் தேர்தலில்தான். ஒதுக்கீடு ஒரு தலைமுறைப் பெண்களைச் சபைக்குள் கொண்டுவர வல்லது. ஊர்ச் சபைகள் அந்தத் தலைமுறையைத் தயாராக்கி வைக்கும். இரண்டும் அரசு நினைத்தால் ஒரே நாளில் போகக்கூடியவை.

ரொறன்ரோவில் பறிபோனது சிறிய அளவிலானது, ஆனால் இந்த வரலாற்றின் வேரைத் தொட்டது. 2025 ஜூன் 27 அன்று, நிதி நிர்வாகக் குறைகளைக் காரணம் காட்டி, ஒன்ராறியோ கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச்சபை உட்பட நான்கு சபைகளை மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் முடிவெடுக்கும் அதிகாரம் அரசு நியமித்தவரிடம் போனது. ஸ்டீல்ஸுக்குத் தெற்கே பிள்ளையின் பள்ளியில் தீராத குறையோடு ஒரு தாய் தன் வட்டார உறுப்பினரை அழைத்தால், அவரால் கேட்க முடியும், வழி சொல்ல முடியும். சபையில் எழுந்து தீர்மானம் முன்மொழிந்து வாக்கெடுப்புக்கு விட முடியாது. 2023 மார்ச்சில் அந்தச் சபையில் நடந்த வாக்கெடுப்பைப் போன்ற ஒன்று, மேற்பார்வை நீடிக்கும் வரை, அங்கே நடக்க வழியில்லை.